பால் விலை விழுந்தால் வங்கிப் பங்கும் விழுமா?

2016ஆம் ஆண்டு குளிர்காலம். மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் வசிக்கும் அண்ணை ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, பதினைந்து வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பெரிய வங்கியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தவர். தேநீரைக்கூடத் தொடவில்லை.

“தம்பி, செய்தி பாத்தனீரோ? நியூசிலாந்திலை பால் பண்ணைக்காரர் எல்லாம் கடன் கட்டேலாமல் நிக்கினமாம். எங்கடை வங்கிதானே அவைக்குக் கடன் குடுத்தது? நாளைக்கே பங்கெல்லாத்தையும் விக்கட்டோ?”

அதே வாரம் இன்னொரு நண்பர் தொலைபேசியில் கேட்ட கேள்வி இதற்கு நேரெதிர். “வங்கிப் பங்கு மலிஞ்சு போச்சு. வீட்டுக்கு வைச்ச காசிலை கொஞ்சம் எடுத்து வாங்கட்டோ?”

ஒருவருக்குப் பயம், மற்றவருக்கு ஆசை. ஆனால் ஒரு பால் பண்ணையின் கடன் எந்த வழியாக வந்து எங்கள் பங்கைத் தொடுகிறது என்பது இருவருக்குமே தெரியாது. யாழ்ப்பாணத்தில் வணிகவியல் படித்து, அகதியாக இங்கு வந்து, மற்றவர்களின் கணக்கைப் பார்த்தே வாழ்பவன் என்ற முறையில், அந்த வழியைப் படிப்படியாக விளக்க முயல்கிறேன். நாளை வேறொரு துறை விழும்போதும் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவும்.

பால் விலை ஏன் விழுந்தது?

ஊரில் எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு அங்கர் பால்மாப் பேணி இருந்திருக்கும். 2016இல் அந்தப் பால்மா வந்தது நியூசிலாந்தின் ஃபொன்ரெரா நிறுவனத்திடமிருந்து. 2001இல் உருவான இது பண்ணையாளர்களே சொந்தமாக வைத்திருக்கும் கூட்டுறவு. நியூசிலாந்தில் சுமார் 50 இலட்சம் பால் மாடுகள் உண்டு. அங்கு கறக்கும் பாலில் மிகப் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. ஆகவே பண்ணையாளரின் வருமானத்தை உள்ளூர்க் கடை விலை தீர்மானிப்பதில்லை. உலகச் சந்தையில் பால்மா என்ன விலைக்குப் போகிறது என்பதே தீர்மானிக்கிறது.

பண்ணையாளருக்கு லீற்றர் கணக்கில் பணம் கொடுப்பதில்லை. பாலில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்து, ஒரு கிலோ பால் திண்மத்துக்கு இவ்வளவு என்று ஃபொன்ரெரா பருவத்துக்கு ஒரு விலை அறிவிக்கும். 2013/14 பருவத்தில் அந்த விலை 8.40 நியூசிலாந்து டொலர். அடுத்த பருவத்தில் 4.40. அதற்கடுத்த 2015/16 பருவத்தில் 3.90. கடன் வட்டியும் தீவனமும் கூலியும் போக, சராசரிப் பண்ணை ஒன்று கையைக் கடிக்காமல் நிற்க 5 டொலருக்கு மேல் வேண்டும். அதாவது இரண்டு பருவங்கள் தொடர்ந்து ஒவ்வொரு கிலோவிலும் நட்டம்.

இதற்குக் காரணங்கள் மூன்று. வாங்கிக் குவித்திருந்த சீனா கொள்வனவைக் குறைத்தது. 2014 ஆகஸ்டில் ரஷ்யா ஐரோப்பியப் பாற்பொருட்களைத் தடை செய்தது. அந்தப் பால் வேறு சந்தைகளில் வந்து கொட்டியது. 2015 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த பால் உற்பத்திக் கட்டுப்பாட்டை நீக்கியது. 2014இன் தொடக்கத்தில் தொன் ஒன்று 5,000 அமெரிக்க டொலர் அளவில் விற்ற முழு ஆடைப் பால்மா, 2015 ஆகஸ்டில் 1,600 டொலருக்கும் கீழே போனது.

கடன் யாருடையது?

நியூசிலாந்தின் நான்கு பெரிய வங்கிகளும் அவுஸ்திரேலிய வங்கிகளின் பிள்ளைகள். ஏஎன்இசட், வெஸ்ட்பக் இரண்டும் அதே பெயரில் நடக்கின்றன. ஏஎஸ்பி கொமன்வெல்த் வங்கிக்கும், பிஎன்இசட் நஷனல் அவுஸ்திரேலியா வங்கிக்கும் சொந்தம். ஐந்தாவது பெரிய பால் பண்ணைக் கடன்காரர் ராபோபாங்க். அது டச்சுக் கூட்டுறவு வங்கி, பங்குச் சந்தையில் வாங்க முடியாது. ஆகவே சிட்னிச் சந்தையில் பெரிய வங்கிப் பங்கு வைத்திருந்த எம்மவர் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, வைக்காட்டோவிலும் கன்ரபரியிலும் மேயும் மாடுகளில் ஒரு சிறு பங்கு வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பால் பண்ணைகளின் வங்கிக் கடன் சுமார் 38 பில்லியன் நியூசிலாந்து டொலர். நியூசிலாந்து வங்கிகள் கொடுத்த மொத்தக் கடனில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. விலை நன்றாக இருந்த வருடங்களில் நிலத்தின் விலை இன்னும் ஏறும் என்று நம்பி வாங்கிய கடன் இது. எல்லாப் பண்ணைகளுக்கும் சமமான சுமையும் அல்ல. சிறு தொகைப் பண்ணைகளே கடனின் பெரும்பகுதியைச் சுமந்தன. பழைய குடும்பப் பண்ணைகள் பல இலகுவாகத் தாங்கின. உச்ச விலையில் நிலம் வாங்கிய இளையவர்களும், நிலமில்லாமல் மாடுகளை மட்டும் கடனுக்கு வாங்கி மற்றவரின் பண்ணையில் பங்குக்குப் பால் கறந்தவர்களும் தான் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள்.

கடன் எப்படி நட்டமாகிறது?

இங்குதான் பலருக்குக் குழப்பம். பண்ணையாளர் நட்டப்பட்டால் வங்கி உடனே நட்டப்படும் என்று நினைக்கிறோம். இடையில் நான்கு மதில்கள் உண்டு.

முதலாவது மதில், பண்ணையாளரின் சொந்தக் காசு. வருமானம் குறைந்ததும் அவர் இயந்திரம் வாங்குவதை நிறுத்துவார், தீவனத்தைக் குறைப்பார், சில மாடுகளை விற்பார், வட்டியை மட்டும் கட்டுவார்.

இரண்டாவது, வங்கியே கொடுக்கும் மேலதிகத் தொழிற்படு மூலதனம். கெட்ட பருவத்தில் வங்கி கடனைப் பறிப்பதைவிட மேலும் கொடுப்பதே வழக்கம். இதைக் கருணை என்று நினைக்க வேண்டாம், இதுவும் கணக்குத்தான். ஒரே மாவட்டத்தில் இருபது பண்ணைகளை ஒரே நேரத்தில் ஏலத்துக்கு விட்டால் நிலத்தின் விலை சரியும். அப்போது மீதிக் கடன்களின் பிணையும் உருகிவிடும். ஃபொன்ரெராவும் 2015இல் தன் உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு 50 சதம் வீதம் ஆரம்பத்தில் வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

மூன்றாவது, ஈடு வைத்த நிலம். நிலத்தின் பெறுமதியில் 60 வீதம் கடன் என்றால், நிலம் 30 வீதம் விழுந்தாலும் வங்கி தன் முதலை எடுத்துவிடும். இழப்பு பண்ணையாளரின் உரிமைப் பங்கிலேயே முடிந்துவிடும்.

நான்காவது, வங்கியின் சொந்த இலாபம். மேலே உள்ள மூன்றும் உடைந்தால்தான் அறவிடமுடியாக் கடன் உருவாகும். அது முதலில் அந்த வருட இலாபத்தைத் தின்னும். இலாபம் போதாவிட்டால் மட்டுமே மூலதனத்தில் கை வைக்கும்.

பங்குதாரராகிய நாங்கள் நிற்பது இந்த நான்காவது மதிலில்.

அண்ணைக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு

நியூசிலாந்து மத்திய வங்கி அப்போது ஐந்து பெரிய பால் பண்ணைக் கடன்காரர்களையும் வைத்து ஒரு அழுத்தச் சோதனை நடத்தி, 2016 மார்ச்சில் முடிவை வெளியிட்டது. பால் விலை பல வருடம் 5 டொலருக்குக் கீழே கிடந்து, நிலத்தின் விலையும் 40 வீதம் விழுந்தால் என்ன ஆகும் என்பதே கடுமையான கேள்வி. பால் பண்ணைக் கடனில் 3 முதல் 8 வீதம் வரை நட்டமாகலாம், அதுவும் சில வருடங்களில் பரவி வரும் என்பது விடை.

ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். “அண்ணை, ஒரு நியூசிலாந்து வங்கி 100 டொலர் கடன் குடுத்திருக்கு எண்டு வைப்பம். அதிலை பால் பண்ணைக்கு 10. மிக மோசமான நிலையிலை 8 வீதம் போனால், போறது 80 சதம். நாலு வருசத்திலை போனால் வருசத்துக்கு 20 சதம். அறவிடமுடியாக் கடனுக்கு முதல் வங்கியின்ரை வருச இலாபம் ஒன்றரை டொலர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அதிலை 20 சதம் குறையும். மூலதனத்திலை கை வைக்காது.”

“இப்ப தாய் வங்கியைப் பாருங்கோ. அதின்ரை கடனிலை அஞ்சிலை ஒரு பங்குதான் நியூசிலாந்திலை எண்டால், தாய் வங்கியின்ரை ஒவ்வொரு 100 டொலரிலும் போறது 16 சதம். அதுவும் நாலு வருசத்திலை.”

அண்ணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் தேநீரைக் குடித்தார்.

நான் விட்ட பிழை

மாட்டுக் கணக்கைச் சரியாகப் போட்ட பெருமிதத்தில் நான் இருந்தேன். வாசல்வரை போனவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், வீட்டுக்கடன் எந்த வங்கியில் என்று. அதே வங்கி. சேமிப்பும் அங்கேயே. அவருடைய ஓய்வூதிய நிதியின் அறிக்கையை அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அதிலும் மிகப் பெரிய முதலீடுகளின் வரிசையில் நான்கு வங்கிகளும் முன்னால் நின்றன.

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். அவுஸ்திரேலியப் பெரிய வங்கிகளின் கடனில் பாதிக்கும் மேல் வீட்டுக்கடன். அண்ணையின் சொத்து வீடு. அவருடைய கடன் வீட்டுக்கு. அவருடைய பங்கு, மற்றவர்களின் வீட்டுக்குக் கடன் கொடுத்த வங்கியில். அவருடைய முதுமைக்கால நிதியும் அதே வங்கிகளில். வேலையில்லாத் திண்டாட்டமும் வீட்டு விலைச் சரிவும் ஒன்றாக வந்தால், சம்பளம், வீடு, பங்கிலாபம், ஓய்வூதியம் நான்கும் ஒரே நாளில் சுருங்கும். மாடு அவருக்கு ஒரு சின்ன ஆபத்து. பெரிய ஆபத்தைத் தன் கூரைக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, அவர் கடல் கடந்த மாட்டைப் பார்த்துப் பயந்தார்.

இது எம்மவரிடையே மிகப் பொதுவான நிலை. எல்லாவற்றையும் ஒருமுறை இழந்து வந்தவர்கள் நாங்கள். அதனால் பெயர் தெரிந்த இடத்திலேயே எல்லாவற்றையும் வைக்கிறோம். பெரிய வங்கி, சொந்த வீடு, இரண்டும் நிச்சயம் என்று எண்ணுகிறோம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்லவைதான். சேர்ந்து நிற்கும்போது இரண்டும் ஒரே கூடை.

பிறகு நடந்தது

2016/17 பருவத்தில் பால் விலை 6.12 டொலருக்கு ஏறியது. 2021/22இல் 9.30. அழுத்தச் சோதனையின் மோசமான காட்சி நடக்கவில்லை. பால் பண்ணைக் கடனால் எந்தப் பெரிய வங்கியும் தடுமாறவில்லை.

ஆனால் பங்கிலாபம் குறையாமல் இருக்கவில்லை. 2016 மே மாதம் ஏஎன்இசட் தன் இடைக்காலப் பங்கிலாபத்தை 86 சதத்திலிருந்து 80 சதமாக்கியது. அதற்கு மாடுகள் முக்கிய காரணம் அல்ல. சுரங்கத் துறை உட்படப் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்களும், ஆசிய வியாபாரத்தைச் சுருக்கிய செலவும் அதன் பின்னால் இருந்தன. 2018இல் வங்கிகளின் நடத்தையை விசாரித்த அரச ஆணைக்குழு பெரும் அதிர்வைத் தந்தது. பண்ணைக் கடன்களை வங்கிகள் கையாண்ட விதமும் அங்கு விசாரிக்கப்பட்டது. 2019இல் வெஸ்ட்பக்கும் நஷனல் அவுஸ்திரேலியா வங்கியும் பங்கிலாபத்தை வெட்டின. 2020இல் கொரோனா வந்ததும் ஏஎன்இசட்டும் வெஸ்ட்பக்கும் இடைக்காலப் பங்கிலாபத்தைத் தள்ளிவைத்தன. நியூசிலாந்து மத்திய வங்கி அங்குள்ள வங்கிகள் பங்கிலாபம் கொடுப்பதையே சில காலம் நிறுத்தியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த வாசலால் ஆபத்து வரவில்லை.

மலிவாக வாங்கக் கேட்ட நண்பருக்கும் இதில் பாடம் உண்டு. பங்கு விலை விழும்போது பங்கிலாப வீதம் தானாக உயர்ந்து தெரியும். 30 டொலர்ப் பங்குக்கு 1.80 கொடுத்தால் 6 வீதம். விலை 22 ஆனால் அதே 1.80 எட்டு வீதத்துக்கு மேல். ஆனால் அந்த 1.80 சென்ற வருடத்தின் கதை. அடுத்த வருடம் அது 1.20 ஆனால் 8 வீதம் வெறும் கானல்நீர். அத்துடன், வீட்டுக்கு வைத்த காசு இரண்டு வருடத்தில் தேவைப்படும் காசு. அது எந்த வங்கிப் பங்குக்கும் உரியதல்ல.

பாலில் நேரடியாகப் பணம் போட்டவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவின் மரே கோல்பேர்ண் என்ற பெரிய பால் கூட்டுறவின் அலகுகள் 2015 ஜூலையில் 2.10 டொலருக்குச் சந்தைக்கு வந்தன. 2016 ஏப்ரலில் அது பண்ணையாளருக்குக் கொடுக்கும் விலையைப் பருவத்தின் கடைசியில் திடீரென வெட்டியது. அலகின் விலை ஒரே நாளில் பெருமளவு சரிந்தது. 2018இல் அந்த வியாபாரம் கனடாவின் சபுட்டோவுக்கு விற்கப்பட்டது. பால் விலையின் முழு அடியும் அவர்கள் மேல் விழுந்தது. வங்கிப் பங்குதாரருக்கு முன்னால் இருந்த மதில்கள் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது?

ஐந்து இடங்கள் போதும். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பாருங்கள், மொழிச் சிக்கலும் தீரும்.

ஒன்று, துறைவாரிக் கடன் அட்டவணை. விவசாயத்துக்கு, வீட்டுக்கு, வணிகக் கட்டடங்களுக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். பயமுறுத்தும் துறை மொத்தத்தில் எத்தனை வீதம் என்பதே முதல் கேள்வி.

இரண்டு, 90 நாளுக்கு மேல் தவணை தவறிய கடன். இது ஒவ்வொரு அரையாண்டும் ஏறுகிறதா, இறங்குகிறதா?

மூன்று, ஐயக்கடன் ஏற்பாடு. 2018க்கு முன்னர், நட்டத்துக்கான அடையாளம் தெரிந்த பிறகே ஏற்பாடு செய்தார்கள். இப்போதைய கணக்கீட்டு நியமத்தின்படி, எதிர்பார்க்கும் நட்டத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆகவே ஏற்பாடு ஏறுவது எப்போதும் கெட்ட செய்தியல்ல. தவணை தவறுவது ஏறியும் ஏற்பாடு ஏறாமல் இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

நான்கு, மூலதன விகிதம். 2019 டிசம்பரில் நியூசிலாந்து மத்திய வங்கி நான்கு பெரிய வங்கிகளின் மொத்த மூலதனத்தைப் படிப்படியாக 18 வீதம் வரை உயர்த்தும்படி அறிவித்தது. மூலதனம் கூடினால் வங்கி பத்திரமாகும். ஆனால் உள்ளே தங்கும் காசு பங்கிலாபமாக வெளியே வராது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை அது.

ஐந்து, இலாபத்தில் எத்தனை வீதத்தைப் பங்கிலாபமாகக் கொடுக்கிறார்கள் என்பது. 80 வீதத்தைக் கொடுக்கும் வங்கிக்குக் கெட்ட வருடத்தில் வெட்டுவதைத் தவிர வேறு வழி குறைவு.

இவற்றோடு ஆறாவதாக ஒன்று, அது எந்த அறிக்கையிலும் இருக்காது. உங்கள் வீடு, கடன், சேமிப்பு, ஓய்வூதியம், பங்கு ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எதை நம்பி நிற்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரே சொல் மூன்று தடவை வந்தால் யோசியுங்கள்.

அண்ணை கடைசியில் பாதிப் பங்கை விற்று வீட்டுக்கடனைக் குறைத்தார். மீதியை இன்றும் வைத்திருக்கிறார். விற்ற பாதியால் கூடுதல் இலாபம் தவறியதா என்று அவர் என்னிடம் கேட்டதில்லை. “நித்திரை வருது தம்பி” என்பது மட்டுமே அவர் சொன்னது.

எங்கள் மாடு

எண்பதுகளின் கடைசியில் என் தந்தை ஒரு மாடு வாங்க வங்கிக் கடன் எடுத்தார். அயலவர் இருவர் பிணை நின்றார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது கொட்டிலும் இல்லை, மாடும் இல்லை. கடன் மட்டும் பேரேட்டில் அப்படியே இருந்தது. பிணை நின்றவர்களுக்குச் சிக்கல் வரக்கூடாது என்று தந்தை மீதித் தவணைகளை மாதாமாதம் கட்டி முடித்தார்.

வங்கியின் கணக்கில் அந்தக் கடனால் ஒரு சதமும் நட்டமில்லை. நல்ல கடன் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

நியூசிலாந்து வங்கிகள் 2016ஐத் தாங்கியதும் பெரும்பாலும் அப்படித்தான். விலை மீண்டது ஒரு காரணம். முதலாவது மதிலில் நின்ற குடும்பங்கள் சேமிப்பையும் மாட்டையும் சிலவேளை நிலத்தையும் விட்டுத் தவணை கட்டியது இன்னொரு காரணம். பண்ணைக் கடனில் வங்கி நிலத்தில் கை வைக்க முன்னர் மத்தியஸ்தத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று நியூசிலாந்து 2019இல் சட்டம் கொண்டு வந்தது, அந்தக் குடும்பங்கள் பட்டதன் பிறகுதான். வங்கிப் பங்கு வாங்குவது பாவமல்ல, நானும் வைத்திருக்கிறேன். பங்கிலாபம் கணக்கில் விழும் நாளில், அந்த இலாபத்துக்கு முன்னால் எத்தனை பேர் மதிலாக நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மதிலின் பின்னால் நின்று சேமிக்கும் நாங்கள், எங்கள் குடும்பத்துக்கு முன்னாலும் ஒன்றிரண்டு மதிலைக் கட்டிவைக்க வேண்டும்.

இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் பணத்தில் முடிவெடுக்க முன்னர், உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் உங்கள் நிலைமை முழுவதையும் சொல்லிக் கேளுங்கள்.